எத்தனை மணிக்கு எத்தனை மீன்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தின் பெரிய பாலத்தில் நின்றுகொண்டிருந்தோம். என் தங்கை மகளுக்கு ஏழு வயது. கம்பிக்கு இடையே தலையை நுழைத்துக் கீழே இருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "தாத்தா, இந்த ஆத்துல எத்தனை வகை மீன் இருக்கு?" தாத்தா என்று அவள் கூப்பிட்டது என் தாய்மாமாவை. பழைய பொங்கோல் கம்பத்தில், அதாவது கிராமத்தில், வளர்ந்தவர், ஐம்பது வருடமாகத் தூண்டில் போடுகிறவர். அவர் யோசிக்கவே இல்லை. "எத்தனை மணிக்குன்னு கேளும்மா" என்றார்.

அப்போது சிரித்துவிட்டோம். வீட்டுக்கு வந்து யோசித்தால், கழிமுக மீன்களைப் பற்றி ஆரம்பத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அந்தப் பதிலிலேயே இருக்கிறது. குளத்தில் எத்தனை வகை மீன் என்று கேட்டால் ஓரளவு பதில் சொல்லிவிடலாம். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அந்தக் கேள்வியை நேரம் சேர்க்காமல் கேட்கவே முடியாது.

முதலில் பெயர். ஆறு கடலைத் தொடும் இடத்தைக் கழிமுகம் என்கிறோம், கடற்கரை ஊர்களில் முகத்துவாரம் என்பார்கள். கழி என்பது பழைய சொல், நெய்தல் நிலத்தைப் பாடியவர்களுக்கு உப்பங்கழியும் அதன் கரையில் நின்ற கண்டல் மரமும் நன்றாகத் தெரியும். மலாயில் இதே இடத்துக்குக் குவாலா என்று பெயர். கோலாலம்பூரின் 'கோலா' அதுதான், அங்கே கடல் கிடையாது, இரண்டு ஆறுகள் கூடுவதால் வந்த பெயர்.

இந்த இடத்தில் பிரச்சினை உப்பு. திறந்த கடலில் ஒரு கிலோ தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். சிங்கப்பூரைச் சுற்றி மழையும் ஆறுகளும் அதிகம் என்பதால் கொஞ்சம் குறைவு, 30 பக்கம் இருக்கும். ஆற்றில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. கழிமுகத்தில் இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த அளவும் இருக்கலாம், அதுவும் ஒரே நாளில் மாறிக்கொண்டே இருக்கும். இங்கே பெரும்பாலும் ஒரு நாளைக்கு இரண்டு முறை நீர் ஏறி இரண்டு முறை இறங்குகிறது, பௌர்ணமி அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே மூன்று மீட்டர் வரை வித்தியாசம் வரும். ஒரு மாடி உயரம். டிசம்பர் மழை கொட்டிய மறுநாள் மேல்தண்ணீர் நன்னீராகவும் அடித்தண்ணீர் உப்பாகவும் இரண்டு அடுக்காகக்கூடக் கிடக்கும், ஏனென்றால் நன்னீர் இலேசு.

மீனுக்கு இது ஏன் பெரிய விஷயம்? அடுப்படியில் பார்க்கலாம். நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவி வைத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விடும். காய்ந்த கொண்டைக்கடலையைத் தண்ணீரில் போட்டு வைத்தால் காலைக்குள் ஊதிவிடும். கடல் மீன் மாங்காய் மாதிரி, ஆற்று மீன் கடலை மாதிரி. மீனின் ரத்தத்தில் உள்ள உப்பு கடல்நீரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே கடலில் இருக்கும் மீன் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது, அது விடாமல் கடல்நீரைக் குடித்து, உள்ளே வந்த உப்பைச் செவுளில் உள்ள தனி செல்கள் வழியாக வெளியேற்றுகிறது. ஆற்று மீனுக்கு எல்லாம் தலைகீழ். தண்ணீர் தானாக உள்ளே நுழைகிறது, அதனால் குடிப்பது கிடையாது, சிறுநீராகக் கழித்துக்கொண்டே இருக்க வேண்டும், உப்பைச் செவுள் வழியாக உள்ளே இழுக்க வேண்டும். இப்போது ஒரு மீனிடம் போய், காலையில் மாங்காயாக இரு, மத்தியானம் கடலையாக இரு என்று சொன்னால் எப்படி இருக்கும்? பெரும்பாலான மீன்களால் முடியாது. முடிகிற மீன்களுக்கும் அதற்குச் சக்தி செலவாகும்.

பவளப்பாறையோடு ஒப்பிட்டால் கழிமுகத்தில் மீன் இனங்கள் குறைவு, ஆனால் இருக்கும் இனங்களில் மீன்கள் எக்கச்சக்கம் என்று பாடப்புத்தகங்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். உப்புத் தேர்வில் பாஸானவர்கள் கொஞ்சம் பேர், பாஸானவர்களுக்கோ விருந்து. ஆறு கொண்டுவரும் சத்து, கண்டல் மரங்கள் உதிர்க்கும் இலை, அதைத் தின்னும் நண்டு, இறால், புழு எல்லாம் அங்கே இருக்கின்றன. கண்டல் மரங்கள் அடர்ந்த அலையாத்திக் காட்டின் இலைதான் எல்லா மீனுக்கும் சோறு என்று முன்பு நினைத்தார்கள். பிறகு மீன்களின் தசையில் உள்ள கார்பனை அளந்து பார்த்தபோது, சேற்றின் மேல் பச்சையும் பழுப்புமாகப் படியும் கண்ணுக்குத் தெரியாத பாசிகளுக்கும் பெரிய பங்கு இருப்பது தெரிந்தது. மடவை மீன் வாயால் சேற்றை மேய்வதைப் பார்த்தால் நம்ப முடியும். அது சேற்றோடு சேர்த்துப் பாசியை விழுங்கி, கோழியின் கற்குடல் போன்ற தடித்த இரைப்பையில் மணலோடு போட்டு அரைக்கிறது.

சரி, அங்கே இருப்பவர்கள் யார்?

அங்கேயே பிறந்து அங்கேயே சாகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பாலத்திலிருந்து அந்தச் சின்னப் பெண் முதலில் பார்த்தது இவர்களில் ஒன்றை, சேற்று உளுவை. மலாய்க்காரர்கள் பெலோடோக் என்பார்கள். துடுப்பை ஊன்றிச் சேற்றில் நடக்கும், தாவும், ஈரமாக இருக்கும்வரை தோலாலும் வாயின் உள்சுவராலும் காற்றிலிருந்தே மூச்சு வாங்கும். சிங்கப்பூரில் இதில் பல வகை உண்டு. ராட்சத சேற்று உளுவை ஓர் அடி ஸ்கேல் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக வளரும், நண்டைப் பிடித்துத் தின்னும். நீலப்புள்ளி உள்ளது தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு சேற்றின் பாசியை மேயும். ஒரே சேறு, இரண்டு பேருக்கும் வேறு வேறு சாப்பாடு. ஒரே இடத்தில் பல இனங்கள் சண்டை போடாமல் பிழைப்பது எப்படி என்பதற்குப் புத்தகம் தேவையில்லை, இந்தச் சேறு போதும்.

நிரந்தரமாகக் கழியில் வாழ்கிறவர்களிடம் ஒரு பழக்கம் அடிக்கடி தென்படும், எனக்கு இந்தத் தலைப்பில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். திறந்த கடல் மீன்கள் லட்சக்கணக்கில் முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விடும். கழியில் அப்படிச் செய்தால் அடுத்த வற்றத்தில் குடும்பமே கடலுக்கு அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் இங்கே முட்டையை யாராவது பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், அந்த யாராவது பல நேரம் அப்பாவாக இருக்கிறார். கடல் கெளுத்தியில் ஆண் மீன் முட்டைகளை வாயில் போட்டுக்கொள்கிறது, கோலிக்குண்டு மாதிரி பெரிய முட்டைகள், குஞ்சு பொரித்து வெளியே வரும்வரை வாரக்கணக்கில் கிட்டத்தட்டப் பட்டினி. கடல்குதிரையில் ஆணுக்குத்தான் வயிற்றுப் பை. சேற்று உளுவை சேற்றுக்குள் வளை தோண்டி அறை கட்டி அதன் கூரையில் முட்டையை ஒட்டுகிறது. அந்த அறையில் உள்ள சேற்றுத் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்காது என்பதால் அப்பா மேலே வந்து வாய் நிறையக் காற்றை அள்ளிக்கொண்டு போய் உள்ளே விட்டு நிரப்புகிறது. ஜப்பானில் ஒரு வகை உளுவையைக் கவனித்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். முட்டை பொரிக்கும் தருணம் வந்ததும், இரவு நீர் ஏறும் நேரம் பார்த்து, அதே அப்பா அந்தக் காற்றை வாய் வாயாக வெளியே கொண்டுபோய்த் துப்புகிறது. அறையில் நீர் நிரம்பியதும் முட்டை பொரிகிறது. கடிகாரம் கட்டாத மீன், நேரம் தவறவில்லை.

அடுத்த கூட்டம் பிள்ளைகள். கழிமுகத்தில் வலை போட்டால் வருவதில் பெரும்பகுதி விரல் நீளக் குஞ்சுகளாக இருப்பது வழக்கம். செப்பிலி நல்ல உதாரணம். குஞ்சாக இருக்கும்போது கண்டல் வேர்களுக்கு நடுவே கிடக்கும், வளர்ந்ததும் வெளியே பாறைப் பக்கம் போய்விடும், முட்டை இடுவது கடலில். கலவாவில் சில வகைகளும் அப்படியே. வேர் இடுக்கில் பெரிய மீன் நுழைய முடியாது, கலங்கல் தண்ணீரில் தூரத்திலிருந்து பார்த்துத் துரத்தவும் முடியாது, சாப்பாடு காலடியில். அலையாத்திக் காடு கடலுக்கு நாற்றங்கால் என்று சொல்வது இதனால்தான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. குஞ்சு நிறைய இருக்கிறது என்பதாலேயே அந்த இடம் நாற்றங்கால் ஆகிவிடாது. நாற்று நட்டால்தானே நாற்றங்கால்? அங்கிருந்து எத்தனை குஞ்சு பிழைத்து, வளர்ந்து, பெரிய மீன்கள் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கணக்கு. அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மீனின் காதுக்குள் இருக்கும் சின்னச் சுண்ணாம்புக் கல்லில் மரத்தின் வளையம் மாதிரி அடுக்கு அடுக்காகப் படிந்திருக்கும், அந்த அடுக்குகளில் உள்ள தனிமங்களைப் பார்த்து இந்த மீன் எந்தத் தண்ணீரில் பிள்ளைப்பருவத்தைக் கழித்தது என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள்.

தேக்கா மார்க்கெட்டில் நீங்கள் வாங்கும் கொடுவா, இங்கே பலருக்கு சீபாஸ், மலாயில் சியாக்காப், இந்தக் கூட்டத்தில் ஒரு விசித்திரப் பேர்வழி. நன்னீரிலும் வாழும், கடலிலும் வாழும், ஆனால் முட்டையிட உப்பு நீர் இருக்கும் ஆற்று வாய்க்கு வந்தாக வேண்டும். அது போதாதென்று முதலில் ஆணாகப் பருவமடைந்து சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறும். குராவ் என்று நாம் வாங்கும் காலா குடும்பத்திலும் இந்த மாற்றம் உண்டு. ஆகவே பெரிய கொடுவாக்களை மட்டும் பிடித்துத் தீர்த்தால் அம்மாக்களை மட்டும் பிடித்ததாக ஆகும்.

மூன்றாவது கூட்டம் நேரம் பார்த்து வருகிறவர்கள். நீர் ஏறும்போது அதோடு உள்ளே வந்து, இறங்கும்போது திரும்பிவிடுவார்கள். திருக்கை வரும், மடவைக் கூட்டம் வரும், ஊசிமூக்கு முரல் மேல்தண்ணீரில் வரும். புக்கிட் மேரா என்னும் செங்குன்றில் ரத்தம் ஓடிய பழைய மலாய்க் கதையில் கரையில் நின்றவர்களைக் குத்திய தோடாக் மீன் இந்த வம்சம்தான் என்று மாமா அடித்துச் சொல்வார், மற்றவர்கள் வாள்மீன் என்கிறார்கள், அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. நீர் கண்டல் இலைகளைத் தொடும் அளவு ஏறியதும் சும்பிட் வரும். சும்பிட் என்றால் மலாயில் ஊதுகுழல். இந்த மீன் வாயைக் குழலாக்கி, இலையில் உட்கார்ந்த பூச்சியை நீரைப் பீய்ச்சி அடித்து வீழ்த்தும். தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்த்தால் பூச்சி இருக்கும் இடம் தள்ளித்தான் தெரியும், ஒளி வளைவதால். அந்தத் தவற்றையும் திருத்தி அடிக்கிறது. நீர் இறங்கியிருக்கும் நேரத்தில் அந்தக் கிளைக்குக் கீழே வெறும் சேறு, சும்பிட் இருக்கவே இருக்காது. மாமா சொன்னது புரிகிறதா?

இப்போது பல்வகைமை என்ற சொல்லுக்கு வருவோம். நிறைய பேர் அதை இனங்களின் எண்ணிக்கை என்று மட்டும் நினைக்கிறார்கள். இப்படி யோசியுங்கள். பாசிர் ரிஸ் பக்கம் ஒருவர் வலை போடுகிறார், 100 மீன், 10 இனம். ஆனால் 91 மீன் காரல், மற்ற ஒன்பது இனத்தில் ஆளுக்கு ஒன்று. இன்னோர் இடத்தில் வேறொருவர் போடுகிறார், அவருக்கும் 100 மீன், 10 இனம், ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து. எண்ணிக்கையில் இரண்டும் ஒன்று. ஆனால் முதல் கூடையில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மீனை எடுத்தால் இரண்டும் ஒரே இனமாக இருக்க 83 விழுக்காடு வாய்ப்பு, இரண்டாவது கூடையில் 9 விழுக்காடுதான். இந்த இரண்டு மீன் விளையாட்டை வைத்துத்தான் ஆய்வாளர்கள் ஒரு குறியீட்டு எண்ணே உருவாக்கியிருக்கிறார்கள். எத்தனை இனம் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு சமமாகப் பங்கிட்டிருக்கிறார்கள் என்பது இன்னொன்று. கழிமுகங்கள் இயல்பாகவே முதல் கூடையைப் போல இருக்கும், அதைப் பார்த்து அந்த இடம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

இன்னொரு சிக்கல் வலை. வீச்சு வலையில் வருவது செவுள் வலையில் வராது, கண்ணி அகலம் மாறினால் மீனும் மாறும், உளுவை வளைக்குள் இருக்கும்போது எந்த வலையிலும் வராது. இப்போது ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து அதில் மீன்கள் உதிர்த்த மரபணுத் துணுக்குகளைப் படித்து யார் யார் வந்தார்கள் என்று பட்டியல் போடுகிறார்கள். அருமையான வழி, ஆனால் அந்தத் துணுக்கு அங்கேயே வாழும் மீனுடையதா, நீரேற்றம் கொண்டுவந்து போட்டதா என்று பாட்டில் சொல்லாது.

மூன்றாவது கேள்வி, இடத்துக்கு இடம் எவ்வளவு வித்தியாசம் என்பது. சிங்கப்பூர் இதற்குச் சின்ன ஆய்வுக்கூடம் மாதிரி. தெற்கே செமாக்காவ், சிஸ்டர்ஸ் தீவுகள் பக்கம் உப்பு அதிகம், பவளம் உண்டு, 250க்கு மேற்பட்ட கல்பவள இனங்கள் இந்த நாட்டில் பதிவாகியிருக்கின்றன, அங்கே கோமாளி மீனும் கிளிமீனும் திரிகின்றன. வடக்கே ஜொகூர் நீரிணையில் ஆறுகள் கலப்பதால் உப்பு குறைவு, சேறு, கலங்கல், கண்டல். அங்கே கெளுத்தியும் காரலும் மடவையும். நடுவில் இருப்பது இருபது முப்பது கிலோமீட்டர்தான். 1924இல் ஜொகூருக்குக் கல்லைக் கொட்டிக் கட்டிய கடற்பாலம் திறந்ததிலிருந்து நீரிணையே கிழக்கு, மேற்கு என்று இரண்டு முட்டுச்சந்தாகிவிட்டது, தண்ணீர் முன்பு மாதிரி குறுக்கே ஓடுவதில்லை. தேங்கும் நீரில் சத்து சேர்ந்தால் நுண்பாசி பெருகும். 2015இன் தொடக்கத்தில் கிழக்கு நீரிணையில் அப்படிப் பெருகியபோது கூண்டுப் பண்ணைகளில் நூற்றுக்கணக்கான டன் மீன் செத்தது. கூண்டு மீனால் ஓட முடியாது.

இந்த ஊரின் பெரிய மாற்றம் ஆற்று வாய்களை மூடியதுதான். குடிநீர் வேண்டும், இடம் கிடையாது, அதனால் கழிமுகங்களையே நீர்த்தேக்கமாக்கினோம். கிராஞ்சி 1975இல், மரினா 2008இல். சிங்கப்பூர் ஆற்றை 1977 முதல் 1987 வரை பத்து வருடம் பாடுபட்டுச் சுத்தம் செய்தார்கள், அப்போது அது கடலோடு ஏறி இறங்கும் ஆறு. மரினா அணை வந்தபின் அந்த ஆற்றின் வாயில் மழைநீர் மெல்ல மெல்ல உப்பைக் கழுவித் தள்ளி, இரண்டு வருடத்தில் நன்னீர் ஆக்கிவிட்டது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த பீகாக் பாஸ் அங்கே இப்போது தூண்டிலில் மாட்டுகிறது. தண்ணீர் நமக்குத் தேவை, அதில் எனக்கு விவாதம் இல்லை. ஆனால் கவனியுங்கள், உப்பு மீன் பத்து போய் நன்னீர் மீன் பத்து வந்தால் எண்ணிக்கைப் பட்டியலில் பத்து பத்தாகவே இருக்கும். கடலுக்குப் போக வேண்டிய செப்பிலிக் குஞ்சுக்கோ கதவே இல்லை. 200 வருடம் முன்பு இந்தத் தீவின் நிலத்தில் சுமார் 13 விழுக்காடு அலையாத்திக் காடாக இருந்தது, இன்று மிஞ்சியிருப்பது சுமார் ஒரு விழுக்காடுதான். கரையில் பாதிக்கு மேல் கல்சுவர்.

மிஞ்சியதில் ஒரு துண்டுதான் நாங்கள் நின்ற இடம். அதுவும் முன்பு இறால் குட்டை. நீர் ஏறும்போது மதகைத் திறந்து குஞ்சு இறாலை உள்ளே விட்டு, இறங்கும்போது வாயில் வலை கட்டிப் பிடிப்பார்கள், மாமாவின் சொந்தக்காரர் ஒருவர் இப்படி ஒரு குட்டையில் வேலை பார்த்திருக்கிறார். 1993இல் இயற்கைப் பூங்காவானது, 2002இல் சட்டப்படிக் காப்பகம்.

அன்றைக்குக் கேள்வி கேட்ட பெண்ணுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்தோம். 9.10 மணிக்கு நீர் இறங்கிக் கிடந்தது, அவள் எண்ணியது இரண்டு வகை, இரண்டும் உளுவை. நாசி லெமாக் சாப்பிட்டு, முதலை தெரிகிறதா என்று சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது சேறு மறைந்து பச்சைத் தண்ணீர் பாலத்தூணில் ஏறிக்கொண்டிருந்தது. 12.40க்கு ஐந்து: மடவை, முரல், இரண்டு சும்பிட், பெயர் தெரியாத கண்ணாடிக் குஞ்சு ஒரு கூட்டம், வேரில் ஏறி உட்கார்ந்துகொண்ட ஒரே ஓர் உளுவை. நோட்டில் மூன்றாவது கோடு போட்டு "ராத்திரி" என்று எழுதினாள். பூங்காவை மாலை ஏழு மணிக்கு மூடிவிடுவார்கள் என்று சொன்னதும் மாமாவைப் பார்த்தாள். செம்பவாங் ஜெட்டிக்கு வேண்டுமானால் கூட்டிப் போகிறேன், அம்மாவிடம் நீதான் கேட்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.